உள் லூப்பில் ஒரு வரி

ஜீவன் இறந்தபின் அவன் எழுதிய நிரல்களெல்லாம் லோஷினியின் கைக்கு வந்தன. மலேசியாவின் கூலாயில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓட்டும் ஒரு சிறிய நிறுவனம் அது. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று பைத்தான் நிரல்மொழியில் கணக்கிடுவது அவன் வேலை. பண்டார் தெங்காராவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியில், செம்பனைக்குலை ஏற்றிய லாரியில் மோதிப் போய்விட்டான்.

நீளமாக எழுதுவான். பேருந்துகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவர ஒரு லூப். அதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இன்னொரு லூப். கிடைத்த நேரத்தைப் பட்டியலில் சேர்க்க ஒரு வரி. லோஷினி அதை லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினாள். வெளி லூப் முதலில், உள் லூப் அடுத்து, எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. உள் லூப்பில் 'சொல்லு' என்ற பெயரில் வேறேதோ நிரலை அழைக்கும் வரி ஒன்று மட்டும் மிஞ்சியது. பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோதனைக்குப் போட்டு மறந்திருப்பான் என்று அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டாள். அன்று காலை வெளியான பட்டியலோடு புதியதை ஒப்பிட்டாள். இம்மியும் பிசகவில்லை; புதியதையே ஓடவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள். ஜீவனின் மனைவி பிரேமலா.

"இன்னிக்கு அவர் மெசேஜ் வரல தங்கச்சி. பஸ்ஸ விட்டுட்டேன்."

"யாரு மெசேஜ்கா?"

"அவர்தான். மெஷின் அனுப்புறதுதான், தெரியும்லா. ஆனா காலைல தவறாம வரும்."

லோஷினிக்குப் பிடிபடவில்லை. பழைய நிரலைத் திறந்து ஓட்டிப் பார்த்தாள். பிரேமலாவின் கையில் இருந்த போன் அதிர்ந்தது.

'பிரேமா, பஸ் பக்கத்துல வந்துருச்சு. கீழ எறங்கி வா.'

"அலமாக்..." என்று திகைத்தாள் லோஷினி.

"இந்த நேரத்துல அவர் கூப்பிட்டதே இல்ல," என்றபடி பிரேமலா மெல்லச் சன்னலருகே போனாள். லோஷினியும் போய் நின்றாள். கீழே சாலையில் பேருந்து எதுவும் இல்லை.

"சாரிக்கா. ஒரே ஒரு வரி, நான்தான் எடுத்துட்டேன். திரும்பப் போட்டுறவா?"

"வேணாம்மா. போதும்."

படியிறங்கிப் போனவள் பாதியில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டுரு தங்கச்சி."

லோஷினி தன் ஒற்றை வரியைக் கலைக்கவில்லை. அதற்குக் கீழே அந்தச் செய்திக்காக மட்டும் தனியாக ஒரு லூப் எழுதினாள்.

அடுத்த நாள் காலை சீக்கிரமே அலுவலகம் வந்து காத்திருந்தாள். செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் நிறுவனத்தின் எண்ணுக்கே ஒரு பதில் வந்தது. அந்த எண்ணுக்கு வரும் பதில்களை அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவள் திறந்தாள்.

'எறங்கிட்டேங்க. நீங்க சாப்பிட்டீங்களா?'

மேலே நகர்த்தினாள். முந்தைய காலைகளின் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மகளுக்குக் காய்ச்சல், லிஃப்ட் மறுபடி கெட்டுப்போச்சு, நேத்து கனவுல ஏன் பேசல. எதற்கும் யாரும் மறுமொழி எழுதியிருக்கவில்லை. லோஷினியின் விரல்கள் ஒருமுறை விசைப்பலகைவரை போயின. பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள்.