பெயருக்குப் பின்னால்

ஆவுடையம்மாள் வெள்ளைத் துணியைக் கணவனின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, இரங்கல் போஸ்டருக்கு விவரம் வாங்க வந்த அச்சகத்துப் பால்ச்சாமி வாசலில் நின்று கேட்டார்.

"பேருக்குப் பின்னால என்ன போட?"

முடிச்சு நழுவியது. மறுபடியும் போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காலையில் வழக்கம்போல ராஜபாளையத்தில் பஸ் ஏறிப் போனவர், ஆபீசில் மேசைமேல் தலையைச் சாய்த்திருக்கிறார். அசந்து தூங்குகிறார் என்று யாரும் எழுப்பவில்லை.

"ஆடிட்டர்னு போடுங்க," என்றான் அவள் தம்பி சங்கிலிப்பாண்டி. "வெறும் பேர அடிச்சு ஒட்டுனா யாருன்னு தெரியும்?"

"அது வேண்டாம்லே," என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். வெளியே கேட்கும் அளவுக்குக் குரல் எழவில்லை.

கொழும்பில் அவள் கணவர் சௌந்தரபாண்டியன் ஆடிட்டர்தான். அங்கத்துக் கணக்காயர் சங்கத்தின் பரீட்சைகளை எழுதித் தேறி, உறுப்பினராகி, பெரிய கம்பெனிகளின் கணக்கில் கையெழுத்துப் போட்டவர். எண்பத்து மூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்த பிறகு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அப்பா பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். கொழும்புத் தகுதியை இங்குள்ள சங்கத்துக்கு மாற்றித் தரும்படி எழுதினார். அப்படியே மாற்ற முடியாது, சில பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, மற்றவற்றை எழுத வேண்டும், அதற்கு முன்னால் இங்கே உறுப்பினராக இருக்கும் ஒருவரிடம் பயிற்சியில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

நாற்பத்தேழு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தார். சேர்த்துக்கொண்ட வைகுண்டராஜுக்கு அப்போது முப்பத்திரண்டு. அவர் இவரை 'மிஸ்டர் பாண்டியன்' என்பார். இவர் அவரை 'சார்' என்பார். பயிற்சி முடிந்த பின்னும் அந்த ஆபீசிலேயே வேலை பார்த்தார். பரீட்சையில் ஒரே ஒரு பிரிவு மட்டும் தேறாமலே நின்றது. மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்த ஒரு நாள், சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஹால்ல எல்லாம் சின்னப் பிள்ளையள். நான் உள்ள போனதும் மேற்பார்வைக்கு வந்த ஆளுன்னு நெனச்சு ஒருத்தன் எந்திரிச்சு நின்னான்." அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்காமல் சோற்றைப் போட்டாள்.

தெருவில் யாராவது ஆடிட்டர் என்று கூப்பிட்டால் நின்றுவிடுவார். "நான் ஆடிட்டர் ஆபீசுல கணக்குப் பாக்கேன். ஆடிட்டர் இல்ல," என்று திருத்திவிட்டுத்தான் நகர்வார். கூப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்கு எரிச்சல் வரும். வருஷங்கள் போகப் போக எரிச்சல்படவும் அலுத்துவிட்டது.

இப்போது மகள் செல்லக்கனி எழுந்து வாசலுக்குப் போனாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆடிட்டர் மட்டும் போதாது. அப்பா வாங்குன பட்டத்தையும் சேத்துப் போடுங்க. அவிய படிச்சது பொய்யா?"

பால்ச்சாமி தயங்கி, வாடகை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்ற வைகுண்டராஜைப் பார்த்தார். வேனுக்குப் பின்னாலேயே காரில் வந்தவர். வந்ததிலிருந்து உட்காரவில்லை.

"சார், நீங்க சொல்லுங்க. போடலாமா?"

வைகுண்டராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இங்கத்த சங்கத்துல உறுப்பினரா இல்லாதவுக அந்தப் பட்டத்து எழுத்தப் போடக் கூடாது. ஆடிட்டர்னும் போட முடியாது."

"செத்தவிய மேல கேஸ் போடுவாகளோ?" என்றாள் செல்லக்கனி.

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். சங்கிலிப்பாண்டி முணுமுணுத்தான். "எம்புட்டு நாளு இவரு ஆபீசுல ஒழைச்சாரு. ஒரு வார்த்த போடுறதுக்கு யோசிக்காரு பாரு."

ஆவுடையம்மாள் தரையில் கையூன்றி எழுந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி செல்லக்கனி, அவர ஒண்ணும் சொல்லாத. அப்பா உசுரோட இருக்கையில அப்படிப் போட்டாவளா? நாம போட்டா அவிய பொய் சொன்னதா ஆயிரும்."

"அப்ப என்னதான் போட?" என்றார் பால்ச்சாமி. பொழுது போய்க்கொண்டிருந்தது.

அவள் வைகுண்டராஜிடம் கேட்டாள். "கொழும்புல ஆடிட்டரா இருந்தவியன்னு போட்டா தப்பா சார்?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தப்பில்ல மதினி," என்றார். "அது நிசந்தான். அண்ணாச்சிக்கு அது பொருந்தும்."

அண்ணாச்சி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. உள்ளே படுத்திருந்தவரும் கேட்டிருக்கமாட்டார். செல்லக்கனி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கொழும்பில் ஆடிட்டராக இருந்தவர்," என்று பால்ச்சாமி சொல்லிப் பார்த்தார். "ஒரு வரியில அடங்காதே தாயி."

"ரெண்டு வரியாப் போடுங்க."

அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

வெயில் தணிந்ததும் எடுப்பது என்று முடிவாயிற்று. மம்சாபுரத்திலிருந்து வரவேண்டிய பங்காளிகள் வந்தார்கள். குளிப்பாட்டினார்கள், கோடித்துணி போர்த்தினார்கள். யார் யாரோ வந்து ஆவுடையம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு எங்காவது கொஞ்ச நேரம் சாய்ந்தால் போதும் என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமும் வந்தது.

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். அப்போது வைகுண்டராஜ் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"ஒரு பக்கம் நான் பிடிக்கேன்."

"நீங்க எதுக்கு சார்? சொந்தக்காரங்க இருக்கோம்ல," என்றான் சங்கிலிப்பாண்டி.

வைகுண்டராஜ் நிலையோரம் நின்ற ஆவுடையம்மாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"பிடிக்கட்டும்," என்றாள்.

பின்பக்கத்தில் இருந்த பங்காளி ஒருவர் விலகி இடம் கொடுத்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுகொண்டார்கள். வைகுண்டராஜுக்குப் பாடை தூக்கிப் பழக்கமில்லை. அவர் பக்கம் மூங்கில் தாழ்ந்தது, நடை மற்றவர்களோடு ஒத்துவரவில்லை. போகிற வழியில் பஞ்சு மில்லுக்குப் பக்கத்தில் ஒருவர் கை மாற்றிக்கொள்ள வந்தார். வைகுண்டராஜ் தலையசைத்து மறுத்துவிட்டு, மூங்கிலை மறு தோளுக்கு மாற்றினார்.

மற்ற மூவரும் அவருக்காக நடையைக் குறைத்துக்கொண்டார்கள்.