மறதிக்கு வாங்கிய மாத்திரை

சீனிவாசலு மண்வெட்டிக் காம்பால் அண்ணன் திருமலைசாமியை அடித்தது ஒரே அடிதான். அவர்தான் முதலில் அவனைக் கன்னத்தில் அறைந்தார். வெள்ளகோவில் தோட்டத்துப் பொதுக்கிணற்றில் அன்றைக்குத் தம்பியின் தண்ணீர் முறை. அது மறந்துபோய் இவர் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

"மறந்துபோச்சு சீனு."

"எம்பட மொற வர்றப்ப மட்டும் மறந்துபோயிருதுங்களா?"

அறை விழுந்தது. அடுத்த நொடி காம்பு அவர் நெற்றியில் இறங்கியது.

கோமளா ஓடிவந்து புருஷனின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு துண்டை அழுத்தினாள். துண்டு நனைந்தது. சேலை முந்தானையைச் சுருட்டி அழுத்தினாள், அதுவும் நனைந்தது. சின்னக் கீறல்தான், ஆனால் ரத்தம் நிற்கவே இல்லை. வீட்டிலிருந்த மருந்துகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு, வேனில் அவரைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனாள். மகன் அபிலாஷ் வேனில் ஏறாததை அவள் கவனிக்கவில்லை.

அவருக்கு இதய வால்வு மாற்றிய அதே ஆஸ்பத்திரிதான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்தார்.

"மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்குதுங்கம்மா. நாங்க குடுத்த மாத்திரை போக வேற ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?"

கோமளா பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். கோவையில் இருக்கும் அவள் அண்ணன் வெங்கடபதி வாங்கிக் கொடுத்தது. ஏதோ வெளிநாட்டு மரத்து இலையாம், மூளைக்கு நல்லதாம், மறதி போய்விடுமாம். 'பச்சிலைதானே அம்மணி, ஒண்ணும் பண்ணாது' என்றான். தினமும் காலையில் காபியோடு அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளாக அவர் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது, கையில் நீலநீலமாகக் கன்றிப்போயிருந்தது. சூடு என்று நினைத்து மோர் கொடுத்தாள்.

டாக்டர் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். "ரத்தம் உறையக் கூடாதுன்னுதான் ஏற்கனவே மாத்திரை குடுத்திருக்கோம். இதையும் சேர்த்தா சில பேருக்கு ரத்தம் நிக்காதுங்க. எங்களக் கேட்டிருக்கலாம்."

அவள் எதிரிலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டாள். வேலைக்காரி பழனியாத்தாள்தான் எடுத்தாள்.

"அபிலாஷக் கூப்புடு."

"தம்பி அருவாளத் தூக்கிட்டு அவங்க சித்தப்பா ஊட்டுக்குப் போயிருச்சுங்க அம்மணி. தடுத்த என்னையும் தள்ளிவுட்டுப்போட்டுதுங்க."

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற சீனிவாசலு கையைத் தூக்கி மறித்திருக்கிறான். முதல் வெட்டில் மணிக்கட்டு தொங்கியது. இரண்டாவது வெட்டு தோளெலும்பில் இறங்கி மாட்டிக்கொண்டது. அரிவாளை இழுக்க முடியாமல் விட்டுவிட்டு, போலீஸ் வரும் வரைக்கும் அபிலாஷ் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் திருமலைசாமி இறந்தார். சீனிவாசலுவையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கோமளா அவனைத் தேடிப் போனாள். அவளைக் கண்டதும் அவன் மனைவி பாய்ந்து வந்து மயிரைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாள். கோமளா தடுக்கவில்லை. நர்சுகள் வந்து பிரித்துவிட்டார்கள்.

"அண்ணன்?" என்று கட்டிலிலிருந்து கேட்டான் சீனிவாசலு. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

"போயிட்டாரு." உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மாத்திரையின் கதையைச் சொன்னாள். "நீ அடிச்ச அடிக்கு வெறுமனே வீங்கியிருக்கும் சீனு. நாங்குடுத்ததுதான் ரத்தத்த நிக்க வுடல."

"அடிச்சது நாந்தானுங்க அண்ணி," என்றான்.

வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டிடமும் அவள் மாத்திரையைப் பற்றித்தான் முதலில் சொன்னாள். கொலைக் கேசில் அதெல்லாம் எதற்கு என்றார் ஏட்டு.

"எழுதுங்க. எம் பையன் வெட்டுனதையும் எழுதிக்குங்க. இதையும் எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் அவள் ஆஸ்பத்திரிப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.