பஸ் ஏறிய அப்பாக்கள்

2006-இல் சிறுசேரி அலுவலகத்தில் தாமோதரன், கணினித் திரைகளை எழுதுவதற்கென்றே ஒரு குட்டி மொழியை உருவாக்கினான். அதைப் பயன்படுத்தியவர்கள் உலகில் மொத்தம் ஐந்து பேர்; அவன் நடையைப் பார்த்தால் ஐந்து கோடி என்று தோன்றும்.

அந்த மொழியில் சொற்களை வெட்டவோ ஒட்டவோ வசதி கிடையாது. "திரையோட வேலை காட்டுறது. வெட்டுறதெல்லாம் சர்வர்லயே முடிஞ்சு வரணும்" என்பது அவன் கொள்கை. இடம் போதாவிட்டால் திரையே வரியின் வாலை நறுக்கிக்கொள்ளும், அது போதுமாம்.

"கத்தி இல்லாத சமையக்கட்டு கட்டி வச்சிகீறே, தாமு," என்பாள் அந்த மொழியில் திரை எழுதும் ரெஜினா. "வார்த்தைய வெட்டுறதுக்கு ஒரே ஒரு ஃபங்ஷன் குடேன்."

அவன் பதினான்கு பக்கத்தில் மறுப்பு எழுதி அனுப்பினான்.

முதல் சோதனை மறைமலைநகரில், ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை வாசலில். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் யாருக்கு எந்தக் கம்பெனி பஸ் என்று திரை சொல்ல வேண்டும். மதியம் இரண்டரைக்கு அது உயிர் பெற்றதும் பேக்கிங் பிரிவு சந்திரம்மா சத்தம் போட்டார்.

"இன்னா தம்பி இது? முத்துசாமிக்கு ஏழாம் நம்பர் பஸ்ஸாம்! எங்க நைனா போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆவுது. அவருக்கு சீட்டு, எனக்கு இல்லியா?"

தொழிற்சாலைப் பதிவேட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை முன்னால் எழுதுவது வழக்கம்: முத்துசாமி சந்திரம்மா. திரை வாலை நறுக்கியதில் அப்பாக்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

"அஞ்சு மணி ஷிப்டுக்குள்ள சரி பண்ணுங்க சார். இல்லாட்டி கழட்டிகினு போங்க," என்றார் மேலாளர் ரவிச்சந்திரன்.

சர்வரோ வேறொரு கம்பெனியின் கையில். திருத்தம் கேட்டால் இரண்டு வாரம். சோதனை தோற்றால் மொழியையே மூட்டை கட்டிவிடுவார்கள்.

தாமோதரன், கூட வந்திருந்த ரெஜினாவின் பக்கம் திரும்பினான். "ரெஜினா... அந்தக் கத்தி..."

"மூணு மாசமா என் மெஷின்ல ரெடியா கீது. கடைசி வார்த்தைய மட்டும் எடுக்கும். நீ சரின்னாதான் மொழியில சேக்க முடியும்."

"சேத்துடு."

"பதினாலு பக்கம்?"

"வடை மடிச்சுக்கலாம்."

ஐந்து மணிக்கு அவரவர் பெயர் வந்தது. யாரும் பாராட்டவில்லை, பார்த்தார்கள், ஏறினார்கள். தாமோதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. டீசல் புகை என்று சொல்லிக்கொண்டான்.

திரும்பும் வண்டியில், "உன்னாலதான் பொழச்சேன். நீ சொல்லிக்கூடக் காட்டலியே," என்றான்.

"அதுக்கு இன்னொரு நாள் லீவு போட்டுட்டு வரேன்," என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். "இன்னும் ஆறு ஃபங்ஷன் எழுதி வச்சிகீறேன், பாரு."

வண்டலூர் தாண்டுவதற்குள் ஆறையும் படித்துவிட்டான். இரண்டு அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுப்பு எழுதப் பேனா தேடாமல், அவை எதற்கென்று அவளிடமே கேட்டான்.