ஜெரி கழற்றிய மூடி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஜெரியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எந்த லாஞ்சாக இருந்தாலும் சரி, எஞ்சின் அறைக்குள் இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டு இதுதான் கோளாறு என்று அவன் சொன்னால் அதுதான் கோளாறு. கடலில் எஞ்சின் நின்றுபோனால் மாதாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஜெரியைத்தான் கூப்பிடுவார்கள் என்று அங்கே ஒரு கேலி உண்டு. கேலியில் முக்கால்வாசி நிஜம். அப்பேர்ப்பட்டவனுடைய பெண்டாட்டியின் ஸ்கூட்டர் கொஞ்ச நாளாக நடுரோட்டில் நின்று நின்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அது ஜெரிக்குத் தெரியாது என்பதுதான் விசேஷம்.

பெண்டாட்டி பெயர் சில்வியா. ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பெரம்பூர் ரயில்வே குடியிருப்புக்குப் போய் வீடுவீடாக விற்கிறவள். வஞ்சிரத்தைத் துண்டு போட ஆரம்பித்தால் கத்தியும் நிற்காது, வாயும் நிற்காது. வண்டி மட்டும் நின்றது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கிற இடம் வந்தால் போதும், எஞ்சின் கொதிக்கும், கருகல் வாடை வரும், முறுக்கினாலும் இழுக்காது. அப்புறம் ஒரு இருமல், அவ்வளவுதான். ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் அது ஆறும்வரை வெயிலில் நிற்க வேண்டும். எஞ்சின் ஆறுவதற்குள் பெட்டியில் ஐஸ் உருகிவிடும்.

ரயில்வே குடியிருப்பில் சொக்கம்மாள்தான் அவளுக்கு முதல் போணி. அந்தம்மா வாங்கினால்தான் மற்ற வீட்டுக் கதவுகள் திறக்கும். அந்தம்மா ஒருநாள் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், விரலால் வயிற்றை அமுக்கினாள், ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது சில்வியாவுக்கு. வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கூவிச் சேர்த்த வாடிக்கை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பெரம்பூர் பக்கம் தலைகாட்டவே வேண்டியிருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வேறு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். கத்திரி வெயிலில் வண்டி லேசாகச் சுடுகிறது என்று அவள் சொல்லப்போக, ஜெரி அதற்கு வைத்தியம் பார்த்தான். எஞ்சினின் வலப்பக்கத்து விசிறி மேலிருந்த மூடியையும், சிலிண்டரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிட்டான். "எஞ்சின்னா மூச்சு வுடணும்மே. இந்த வெயில்ல அதுக்குப் போயி சட்டைய மாட்டி வெச்சிகீறானுங்கோ" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

வண்டி நிற்கவே ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதல் தடவை நின்றதைச் சொன்னாள். அவன் ஆயிலைப் பார்த்தான், பிளக்கைத் துடைத்தான், இப்போது வருகிற பெட்ரோலைத் திட்டினான். சாயங்காலம் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கடலில் கிடக்கும் எஞ்சினை எழுப்புகிறவனுக்கு வீட்டு வாசல் எஞ்சின் பிடிபடவில்லை என்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சில்வியா சொல்வதையே விட்டுவிட்டாள். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், சூப்பர் என்பாள். வேறு மெக்கானிக்கிடம் போனால் காசிமேடு முழுக்கச் சிரிக்கும், போகாவிட்டால் பிழைப்பு போய்விடும். புருஷன் மானமா, தன் வியாபாரமா என்று மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரம் மந்தமாக இருந்தது. பெரம்பூரில் பாதி வீட்டில் அன்று மீன் எடுக்க மாட்டார்கள். திரும்பி வருகிற வழியில் வண்டி மறுபடியும் இரும, சில்வியா அதைத் தள்ளிக்கொண்டு தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றுக்குள் நுழைந்தாள். அங்கே இஷ்ரத் என்று ஒருத்தி தகரக் கொட்டகை போட்டு ஸ்கூட்டர் வேலை மட்டும் பார்க்கிறாள். சில்வியாவைவிட வயதில் சின்னவள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டியிருந்தாள், முழங்கை வரை கிரீஸ்.

போனதும் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, அது போய்விட்டது இது போய்விட்டது என்று பயமுறுத்துவாள் என்றுதான் சில்வியா எதிர்பார்த்தாள். இஷ்ரத் வண்டியைத் தொடவே இல்லை. கேள்வி கேட்டாள். எங்கே நிற்கிறது, ஏற்றத்திலா, லாரிக்குப் பின்னாலா? எண்ணூர் ரோடு காலியாக இருந்து வேகமாகப் போகும்போது நின்றிருக்கிறதா? சில்வியா யோசித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திவாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அந்த ரோடு வழியாக அதே வெயிலில்தான் போகிறாள், ஒருநாளும் நின்றதில்லை. ஊர்ந்து போனால்தான் நிற்கிறது. இத்தனை நாள் அந்த வண்டியோடு அவதிப்பட்டவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் இஷ்ரத் வேலையை ஆரம்பித்தாள். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பிரேக் எங்கேயும் பிடித்து இழுக்கவில்லை என்று தலையாட்டினாள். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தாள். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்; அதன் முனை சூட்டில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. எதையும் இரண்டாம் தடவை தொடவில்லை, எதையும் தேடவில்லை. கையால் பிழைக்கிறவளுக்குக் கையின் அருமை தெரியாதா? சில்வியா வெயிலையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். வண்டி உள்ளே வந்ததுமே இஷ்ரத்தின் கண் மூடியில்லாத விசிறி மேல் போய்த் திரும்பியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சில்வியாவே பொறுக்காமல் கேட்டுவிட்டாள், காற்று வரட்டும் என்றுதானே அதைக் கழற்றினது, அதில் என்ன தப்பு என்று.

"பாத்ததுமே எனக்கு அதான் பட்டுச்சுக்கா. ஆனா மத்ததெல்லாம் பாக்காம அத்த சொன்னா அதுக்குப் பேரு ஜோசியம்" என்றாள் இஷ்ரத். பிறகு குனிந்து, போல்ட் இருந்த துளைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கிரீஸ் வைத்து அடைத்திருந்தது. "உப்புக்காத்துல துரு ஏறக்கூடாதுன்னு பண்ணிகீறாரு. கழட்டுனவரு யாருன்னு தெரியல, ஆனா இந்த வண்டி மேல அவருக்கு அம்மாம் அக்கற."

சில்வியா அந்தக் கிரீஸைத் தொட்டுப் பார்த்தாள். யார் என்று சொல்லிவிட்டாள். காசிமேட்டு ஜெரியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. இஷ்ரத் சிரிக்கவில்லை. தான் சொன்னதாக இவள் போய்ச் சொன்னால் அவர் கேட்க மாட்டார், இவளே கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

காற்றை எப்படிக் கண்ணால் பார்ப்பது? அந்த நேரம் பார்த்துச் சந்துமுனையில் சௌக்கத் அலி பாய் வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கடைகடையாகச் சாம்பிராணி போட்டு துவா ஓதிவிட்டுப் போகிறவர். ஒரு கையில் புகைகிற சட்டி, இன்னொரு கையில் மயிலிறகு விசிறி. இஷ்ரத் அவரை நிற்கச் சொல்லிவிட்டு, பெட்ரோல் எங்கேயாவது கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துத் துடைத்தாள். வண்டியை ஸ்டார்ட் செய்து, சட்டியை விசிறிப் பக்கம் தள்ளிப் பிடிக்கச் சொன்னாள். வண்டிக்குக் கண்ணு பட்டுவிட்டது போலிருக்கிறது என்று பாய் பக்தியோடு ஓதி மயிலிறகை வீச ஆரம்பித்துவிட்டார். மயிலிறகு வேண்டாம், சும்மா பிடித்தால் போதும் என்று இஷ்ரத் கெஞ்ச வேண்டியிருந்தது. பாய்க்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

விசிறி புகையை வாங்கி நாலு பக்கமும் இறைத்தது. பாயின் தாடிக்குள் போனது, சில்வியாவின் கண்ணில் போனது, கொட்டகைத் தகரத்தில் போய் முட்டியது. சிலிண்டர் பக்கம் ஒரு இழைகூடப் போகவில்லை. அப்புறம் வேலை முடிந்து நின்றிருந்த இன்னொரு ஸ்கூட்டரை இஷ்ரத் ஸ்டார்ட் செய்தாள். அதில் மூடி இருந்தது. சட்டியைக் காட்டியதும் அந்த மூடியின் இடுக்குகள் புகையை உறிஞ்சி உள்ளே இழுத்தன. அந்தப் பக்கம் எஞ்சினுக்கு அடியில் அது ஒரே வீச்சாக வெளியே வந்தது.

"மூடி காத்த தடுக்கறதுக்கு இல்லக்கா. ஓடிப்போற காத்த புடிச்சி சூடு கீற எடத்துக்குக் கொண்டுபோறதுக்கு" என்றாள் இஷ்ரத். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அடித்து எப்படியோ சமாளித்துவிடும், லாரிக்குப் பின்னால் ஊரும்போது இந்த விசிறியை விட்டால் அதற்கு வேறு நாதி இல்லை என்று விளக்கினாள்.

சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை பாதி, சந்தோஷம் பாதி. இப்படியும் ஒரு மூளையா என்று அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வேண்டுமானால் பழைய மூடி ஒன்று தேடி இப்போதே மாட்டிவிடுகிறேன், அவர் பார்க்கிறபோது பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் இஷ்ரத். சில்வியா வேண்டாம் என்றாள். தினமும் சூப்பர் சூப்பர் என்று சொன்ன பொய்யே போதும், அதற்கு மேல் ஒரு பொய்யை மாட்டிக்கொண்டு ஓட்ட அவளுக்கு மனசில்லை.

துறைமுகத்தில் ஜெரி ஒரு லாஞ்சின் மேல்தட்டில் நாலைந்து பேரோடு நின்றிருந்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவனைக் கண்டதும் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அங்கேயே கொட்டிவிட்டாள். லாஞ்சு ஓட்டுகிற டில்லிபாபு மட்டும் சிரித்தான், வீட்டு வண்டிக்கு ஜெரி தன் கையாலேயே வேட்டு வைத்துக்கொண்டான் என்று. மற்றவர்கள் ஜெரி கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தபடி கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

ஜெரி டில்லிபாபுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புகை எப்படிப் போனது என்று கேட்டான். மேலேயா, பக்கத்திலா? மற்ற வண்டியில் அடியில் வந்ததா? அவள் கையால் காட்டக் காட்ட, அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த எஞ்சினை மனசுக்குள் சுற்றிவந்தான்.

"கரெக்டு" என்றான். பிறகு டில்லிபாபு பக்கம் திரும்பினான். "நல்லா சிரி. நான் கழட்டுனது தப்பு, அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சது ரைட்டு. இன்னா இப்போ?"

சில்வியாவிடம் வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. அடிக்கடி நின்றதா என்று கேட்டான். தினமும் என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றான்.

"சொன்னா நீ சோறு துன்ன மாட்டய்யா."

அத்தனை பேர் முன்னால் டில்லிபாபு சிரித்தபோது அசையாத முகம் அந்த ஒரு வார்த்தைக்குத் தொங்கிப்போனது. "எனக்கோசரமா நீ வெயில்ல நடுரோட்ல நின்னுகினு இருந்த?" என்றான்.

தன் சாமான் அறையிலிருந்து மூடியையும் உறையையும் எடுத்துவந்து, வண்டியில் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். யார் பின்னாலும் உட்கார்ந்து போகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. மடியில் மூடியை வைத்துக்கொண்டு பெண்டாட்டி பின்னால் அவன் போவதை ஏலக்கூடமே வேடிக்கை பார்த்தது.

இஷ்ரத்தின் கொட்டகையில், நானே மாட்டட்டுமா என்று ஜெரி அனுமதி கேட்டான். அவள் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உறையைப் பொருத்தினான், மூடியை வைத்தான், போல்ட்டுகளை லாஞ்சு எஞ்சினை முடுக்குகிற கையால் முடுக்கினான். இஷ்ரத் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது சில்வியாவுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டாள்.

"அண்ணே, அத்த கொஞ்சம் தளத்திடுங்க. பிளாஸ்டிக்கு, இந்த முடுக்கு முடுக்கினா வெடிச்சிடும்."

ஜெரி முடுக்கிய போல்ட்டில் இன்னொருத்தர் கை வைத்ததாகக் காசிமேட்டில் சரித்திரமே கிடையாது. ஜெரி குனிந்து அந்தப் போல்ட்டைப் பார்த்தான். மெதுவாகத் தளர்த்தினான். பிறகு எழுந்து, பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானரை இஷ்ரத்திடம் நீட்டினான்.

"மத்ததையும் நீயே ஒருவாட்டி பாத்துடும்மா" என்றான்.