சீல் வைத்த காலிப் பெட்டி

ரெத்தினம் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், முன்பு ஒருமுறை அவரை உள்ளே வைத்துப் பூட்டிய சரக்குப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து வந்து, அவர் வீட்டுக்கு எதிரே நின்றது. கழகம் மறுபடி ஆட்சிக்கு வந்த வருஷம் அது. மேட்டூர் தாமதமாகத் திறந்ததால் குறுவை நட்டவர்கள் குறைவு; அதனால் மிதிபட்ட பயிரும் குறைவு. அதே பெட்டிதானா என்று சந்தேகப்பட்டவர்கள் ஏறிப் பார்த்தார்கள். உள்சுவரில் ஆணியால் கீறிய ரெத்தினத்தின் பெயர் இருந்தது. தண்டவாளத்தில் இல்லாத வண்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ரயில்வே சொல்லிவிட்டது. கொஞ்ச நாளில் கோழிகள் அதன் அடியில் முட்டையிட்டன. ரெத்தினத்தின் மனைவி அம்சம் அதன் கூரையில் நெல் காயப்போட்டாள்.

நிழல் நன்றாக இருந்ததால் ரிட்டயர் ஆனவர்கள் சாயங்காலம் அங்கே கூடினார்கள். கூட்ஸ் ஷெட்டில் போர்ட்டராக இருந்த இராஜாங்கம் வருவார். கேட் கீப்பர் குழந்தைராஜ் வருவார். டீ விற்கும் லத்தீஃபா தூக்கில் கொண்டுவந்து ஊற்றுவாள். பேச்செல்லாம் வேலைக்காலத்துச் சேட்டைகள்தான். குழந்தைராஜின் கைவிளக்கில் மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு மோர் ஊற்றியது. அவருடைய சிவப்புத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே கட்டப்போய், டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கரி அள்ளும் சட்டியோடு துரத்தியது. எத்தனை முறை சொன்னாலும் முதல்முறை போலச் சிரித்தார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் சிரித்தது ரெத்தினத்தைப் பெட்டியில் அடைத்த கதைக்கு. ரெத்தினமே கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

ஆளை அடைப்பது அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் பழைய விளையாட்டு. காலிப் பெட்டியில்தான் அடைப்பார்கள். கதவைச் சணலால் கட்டி அனுப்புவார்கள். அடுத்த ஸ்டேஷனில் யாராவது சணலை அறுத்து, டீ வாங்கிக் கொடுத்து, எதிர்வண்டியில் திருப்பி அனுப்புவான். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் புதிதாக வந்து ஊருக்கு ஊர் அடிதடி நடந்த சமயம், ரெத்தினத்தின் முறை வந்தது. அவர் அப்போது தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேன். அவரும் அம்சமும் அவருடைய அப்பா உழுத குத்தகை நிலத்தை உழுதுகொண்டிருந்தார்கள். தாசில்தார் விசாரணைக்கு வரும் நாள். லீவு சொல்ல ஸ்டேஷனுக்குப் போனவரிடம் இராஜாங்கம், "என் துண்டு உள்ள கெடக்கு, எடுத்துக் குடுடா" என்றார். ரெத்தினம் ஏறினார். கதவு மூடியது.

அடுத்த ஸ்டேஷனில் யாரும் திறக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. விழுப்புரம் யார்டில் மூட்டை ஏற்ற வந்தவர்கள் திறந்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஊருக்குத் திரும்புவதற்குள் நிலத்தில் குத்தகைக்காரன் எவனும் கிடையாது என்று பண்ணையார் எழுதிக் கொடுத்திருந்தார். தாசில்தார் கூப்பிட்ட பெயருக்கு ஆள் வராததால் அதுவே நின்றது. விளையாட்டுதான், தன் நேரம்தான் சரியில்லை என்று ரெத்தினம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு இருபது வருஷம் சிரித்தார்.

பெட்டி நிழலில் ஒரு சாயங்காலம் இராஜாங்கம் அந்தக் கதையை லத்தீஃபாவுக்காகச் சொன்னார். அவளுக்கு ஒன்று விளங்கவில்லை.

"ஏண்ணே, பக்கத்து ஸ்டேஷன்ல இருந்தவங்க செவிடா? இவ்வளவு கத்தியிருக்காரு."

"கத்துனா? தொட முடியுமா? நான்தான் ஈய சீல் வச்சு விட்டேனே! சீல உடைச்சா அவன் வேலை போயிடும்ல!"

இராஜாங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. காலிப் பெட்டிக்கு எவனும் சீல் வைப்பதில்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். சீல் குறடு கூட்ஸ் கிளார்க்கின் பீரோவில் பூட்டியிருக்கும். கேட்டு வாங்கி வைத்திருந்தால்தான் கையில் இருக்கும்.

ரெத்தினம் டீயைக் கீழே வைத்தார். முதலில் இராஜாங்கத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். குழந்தைராஜ் முகத்தில் திகைப்பு இல்லை. அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். புதிதாகக் கேட்டது போல ஒரு முகம்கூட இல்லை, லத்தீஃபாவைத் தவிர.

வாசலில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்சம் முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்: "இராஜாங்கம்ணே, அந்த வருஷம் எங்க வயல்ல தாளடி நட்டது யாரு? ஒங்க மச்சான்தானே?"

"அது வேற கதைம்மா. அதுக்கும் இதுக்கும்..."

"டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்றார் ரெத்தினம். "ஆறிடும்."

போனார்கள். மறுநாள் காலை பெட்டியும் போனது. ஆனால் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. மூன்று வாய்க்கால்களைத் தாண்டி, இராஜாங்கத்தின் மச்சான் உழும் வயலின் நடுவில் போய் நின்றது. மச்சான் மாடு கட்டி இழுத்தார், டிராக்டர் வைத்துத் தள்ளினார். பெட்டி சேற்றில் இன்னும் ஒரு முழம் இறங்கி உட்கார்ந்தது. ரெவின்யூவில் ரயில்வேயைக் கேட்கச் சொன்னார்கள். ரயில்வேயில் ரெவின்யூவைக் கேட்கச் சொன்னார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ரெத்தினமும் அம்சமும் பாத்திரம், பாய், கோழிகளோடு அதில் குடியேறினார்கள். மச்சான் இப்போது சுற்றி நடுகிறார். பெட்டி நிற்கும் இடம் போக மிச்சத்தில் விளைச்சல் வழக்கம்போலத்தான். சாயங்காலக் கூட்டம் கலைந்துவிட்டது. பழைய ஆட்கள் வரப்பில் போகும்போது பெட்டியைப் பார்ப்பதில்லை.

கதவை ரெத்தினம் வெறும் சணலால்தான் கட்டுகிறார். யார் வேண்டுமானாலும் அறுத்துத் திறக்கலாம். இதுவரை யாரும் திறக்கவில்லை.