நியூட்டனின் புள்ளி

தியாகலிங்கம் மாஸ்ரர் அதைப் பகிடிக்குத்தான் சொன்னார். கனடாவில், ஒஷாவாவில் ஒரு கலியாண வீட்டில், இரண்டாம் பந்திக்குக் காத்திருந்த நேரம்.

"நியூட்டனும் எங்கட ஆளாக்கும். எங்களை மாதிரி எழுத்துக்கு மேல புள்ளி வைச்சுத்தானே நுண்கணிதமே செய்தவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்ச் சங்கத் தலைவர் நவரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆட்கள்தான் ஆபத்து என்பது, மோர்னிங்சைட் தமிழ்க் கடையில் ஆட்டிறைச்சி விலைக்குப் பக்கத்தில் நோட்டீஸைக் கண்டபோது மாஸ்ரருக்கு விளங்கியது. 'நுண்கணிதம் தமிழனின் கொடை. உரை: கணிதப் பேரொளி தியாகலிங்கம்.'

உடனே போன் எடுத்தார். "தலைவர், அது பகிடி. வேணுமெண்டா கேரளத்து மாதவனைப் பற்றிப் பேசுறன். நியூட்டனுக்கு எவ்வளவோ முந்தி முடிவில்லாத் தொடர்களைக் கண்டவர். அது உண்மை."

"மலையாளியைப் புகழவே மாஸ்ரர் நாங்கள் ஹோல் வாடகைக்கு எடுத்தது?"

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் மாஸ்ரரின் மகள் நிலக்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, எங்கட புள்ளி எழுத்தின்ர சத்தத்தை நிப்பாட்டும். நியூட்டன்ட புள்ளி, ஒரு அளவு மாறிக்கொண்டு ஓடுது எண்டு காட்டும். டோட்டலி ஒப்போசிற்!"

"தெரியும் பிள்ளை. மேடையிலேயே உண்மையைச் சொல்லிப்போட்டு இறங்கிறன்."

"ப்ராமிஸ்?"

"ஓம், ப்ராமிஸ்."

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் பிறம்ரன் வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கும் இடத்தில் அவரை 'லிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே, சங்கத்து மேடையில், பேரொளி என்றார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அது பொலியெஸ்ரர்தான், ஆனாலும் தோளில் இதமாகக் கிடந்தது.

"நான் சொன்னது பகிடிக்கு…" என்று தொடங்கினார்.

நவரட்ணம் மைக்கைப் பறித்தார். "பாருங்கோ, என்ன அடக்கம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. அது அடங்கட்டும் என்று மாஸ்ரர் காத்திருந்தார். காத்திருக்கக் காத்திருக்க அது இனித்தது. பிறகு ஒல்லாந்தரின் கப்பலில் எங்கள் ஏடுகள் ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்றார். 'போயிருக்கலாம்' கொஞ்ச நேரத்தில் 'போயிருக்கும்' ஆகி, 'போனது' என்று நிலைத்தது.

முன்வரிசையில் நிலக்சி எழும்பினாள். "அப்பா, லைப்னிஸும் அதே நுண்கணிதத்தைக் கண்டுபிடிச்சவர். ஆனா அவர் புள்ளி வைக்கேல்லையே?"

அவள் கேள்வி கேட்கவில்லை, தான் இறங்குவதற்குப் படி வைக்கிறாள் என்று மாஸ்ரருக்குத் தெரிந்தது. ஓம் பிள்ளை, நீ சொல்லுறதுதான் சரி என்றால் போதும். வாயைத் திறந்தார்.

"உங்க பாருங்கோ, இங்க படிக்கிற பிள்ளையளின்ர நிலைமையை! தமிழன் கண்டுபிடிச்சதெண்டாலே வெக்கமாக் கிடக்கு."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நிலக்சி மெல்ல இருந்தாள். பக்கத்துக் கதிரை அன்ரி அன்போடு அவள் முதுகைத் தடவினாள். "பறவாயில்லை பிள்ளை. வீட்டை போய் அப்பாட்டையே கேட்டுப் படியுங்கோ."