முக்கால் மணி முந்திய கடிகாரம்

நோலீன் பாஸ்கோவின் சமையலறை விளக்கு பகலிலும் எரியும், இரவிலும் எரியும். தனியாக இருக்கிற பெண்பிள்ளை, இருட்டென்றால் பயம் போலிருக்கிறது என்று தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். எஸ்பரன்ஸ் துறைமுகத்து மீன் கொட்டகையில் அவள் கத்தி போகும் வேகத்தை அவர்கள் பார்த்ததில்லை, பாவம். விளக்கு அவளுக்காக எரியவில்லை, அவளுடைய கைக்கடிகாரத்துக்காக எரிந்தது.

வெயிலில் ஓடும் பழைய எண் கடிகாரம் அது. முகப்பில் இருக்கும் கறுப்புத் தகடுகள் வெளிச்சத்தை வாங்கி உள்ளே பாட்டரிக்குக் கொடுக்கும். எழுபதுகளில் புதிதாக வந்தபோது அதைக் கட்டியிருந்தவனின் கையை ஊரே பிடித்துப் பார்த்தது. இப்போது பாட்டரி கிழடு தட்டிவிட்டது. வெளிச்சம் விலகினால் எண்கள் மங்கும். ஒரேயடியாக அணைந்துவிட்டால், பிறகு பன்னிரண்டிலிருந்து புதிதாகத்தான் தொடங்கும். அது மட்டும் நடக்கவே கூடாது என்று நோலீன் பிடிவாதமாக இருந்தாள். அதில் ஓடிக்கொண்டிருந்தது ரெக்ஸ் வைத்துக் கொடுத்த நேரம்.

ரெக்ஸும் அவளும் ஒன்றாக வாழ்ந்த காலத்தில் நல்லார்பர் நெடுஞ்சாலையில், மாநில எல்லைக்குக் கிட்டே, ஒரு பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினார்கள். அந்தப் பொட்டலில் நாலைந்து கடைகளுக்கென்று தனி நேரம் உண்டு. பெர்த் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் ஓடும். அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நோலீன் எஸ்பரன்ஸுக்குக் கிளம்பினாள். லாரியில் ஏறும்போது ரெக்ஸ் தன் கையிலிருந்ததைக் கழற்றி அவள் கையில் மாட்டினான்.

"இத மாத்தாத. நம்ம மணியிலேயே ஓடட்டும். பாத்தீன்னா நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியும்."

அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மாதம் ஒரு வருஷமாயிற்று. "கடைய வித்துட்டு நீ இங்க வா" என்றாள் இவள். "நீ வா" என்றான் அவன். டெலிபோனில் ஒருநாள் பெரிய சண்டை. இனி அவனே கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். அவனும் அப்படியே இருந்திருக்க வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு கழுதைகளும் வீம்பு பிடித்ததில் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆனாலும் அவள் கடிகாரத்தைப் பார்க்காத நாளில்லை. இப்போது டீசல் லாரிக்காரர்கள் வரும் நேரம். இப்போது ஈ மொய்க்கும் கம்பிக்கதவைச் சாத்திவிட்டு, பின்வாசல் படியில் டீயோடு உட்காரும் நேரம். ஊருக்கான நேரத்தை முக்கால் மணி கழித்து அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கழிக்க மறந்து, பூட்டிய கொட்டகை முன்னால் போய் நின்று பேர் வாங்கியிருக்கிறாள்.

மீன் கொட்டகையின் உப்புத்தண்ணீர் கடைசியில் கடிகாரத்துக்குள் புகுந்துவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே பனி பிடித்தது. எட்டெல்லாம் மூன்றாகத் தெரிந்தது. இனிமேல் தாங்காது என்று தெரிந்ததும், அடுத்த தெரு ஆல்ஃப் டிரெகென்ஸாவின் கராஜுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பழைய ரேடியோவும் கடிகாரமும் பழுது பார்ப்பது அவனுக்கு ஓய்வுகாலப் பைத்தியம்.

"என்ன, உள்ள மீன் வளக்குறியா?" என்றான் ஆல்ஃப்.

"உன் வாய அடைச்சிட்டு இத அடைக்க முடியுமான்னு பாரு."

அவன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் பார்த்தான். "திறக்கவே கூடாதுன்னு பசை போட்டு அடைச்சது இது. பசை இப்போ பிஸ்கட் மாதிரி உடையுது. சூடு காட்டித் திறந்து, உப்பச் சொரண்டி, பாட்டரிய மாத்தி, புது ரப்பர் வளையம் போட்டு அடைக்கணும்."

"ஓடிக்கிட்டு இருக்கிறது நிக்கக் கூடாது."

"பாட்டரிய எடுத்தா நிக்காம? உன் இதயத்த எடுத்து மேசைல வச்சிட்டு நீ வீட்டுக்கு நடந்து போவியா?"

"நிக்கக் கூடாது, ஆல்ஃப்."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். இந்த வயதில் இதைப் போய்ச் சொல்வதா என்று வெட்கமாக இருந்தது. "ஏன்னு கேக்காத. முடியுமா, முடியாதா?"

ஆல்ஃப் தலையைச் சொறிந்தான். "வெளியிலேர்ந்து ஒரு பாட்டரிய ரெண்டு கம்பியில கவ்வி வச்சிட்டு, அப்புறம் உள்ள இருக்கிறத எடுக்கலாம். கை நடுங்கினா போச்சு."

"உனக்குக் கை நடுங்குமா?"

"பீர் குடிச்சாத்தான் நடுக்கம் நிக்கும்."

மறுநாள் பீரும், தானே முள் எடுத்த மீனும் கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூட்டில் பசை இளகி மூடி கழன்றது. உள்ளே பச்சையாகக் களிம்பு. ஆல்ஃப் கம்பிகளைக் கவ்வ வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய பாட்டரியை நெம்பினான். எண்கள் ஒருமுறை வெளிறின. நோலீன் அவன் முழங்கையைப் பிடிக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள். எண்கள் திரும்பி வந்தன. அவளுக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்தி மறைத்தாள்.

"போ, போய்த் தூங்கு. நான் பள்ளத்தச் சுத்தம் பண்ணி, வளையத்துக்கு கிரீஸ் தடவி, பசை போட்டு இறுக்கி வைக்கிறேன். காய்ஞ்சு இறுகணும். சனிக்கிழமை வா."

சனிக்கிழமை போனபோது, கடிகாரம் ரொட்டிக்குத் தடவும் வெஜிமைட்டின் காலி ஜாடியில் வெந்நீருக்குள் கிடந்தது. "பாத்தியா? ஒரு குமிழி வரல. இனி நீ திமிங்கிலத்தோடயே குளிக்கலாம்." ஈரம் துடைத்து அவள் கையில் வைத்தான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எட்டு எட்டாகத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து கராஜின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே மணி.

"நின்னு போச்சா?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நிக்கல! ஒரு நொடி கூட நிக்கல. முக்கால் மணி வேகமா இருந்துச்சு, அதச் சரி பண்ணினேன். நெடுஞ்சாலையில போய்ட்டு வந்தா எல்லாரும் திருப்பி வைக்க மறந்துடுறீங்க. என் மச்சான் ஒருத்தன் எல்லைய தாண்டிட்டு வந்து, ஒரு மாசம் சர்ச்சுக்கு சீக்கிரமே போனான்." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்ன, நோலீன்? தப்பா பண்ணிட்டேனா? கொடு, ரெண்டு தடவை அமுக்கினா பழையபடி வச்சிடலாம்."

"வேணாம்." அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. வாயைத் திறந்து சொல்லாதது அவள்தான். "நல்லா பண்ணியிருக்க, ஆல்ஃப்."

வீட்டுக்கு வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள். புதுப் பாட்டரிக்கு விளக்கு தேவையில்லை, அதனால் அணைத்தாள். முக்கால் மணி கூட்டுவது பெரிய வித்தையில்லை, விரலைப் பொத்தானில் வைத்தும் விட்டாள். ஆனால் அது அவள் வைத்த நேரமாக இருக்கும். ரெக்ஸின் கட்டைவிரல் கடைசியாக அமுக்கியதிலிருந்து அறுபடாமல் ஓடிவந்த ஒன்று போய்விட்டது. அவனை இத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடிக்கு அடியில்தான் வைத்திருந்தாள். அவனில்லாமல் தன் கை இவ்வளவு கனமற்று இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஊர் மணி காட்டும் அந்தக் கடிகாரத்தோடு முக்கால் மணி கூட்டிப் பார்த்தாள். பின்வாசல் டீ முடிந்து உள்ளே வந்திருப்பான். டெலிபோனை எடுத்தாள். எண் விரலிலேயே இருந்தது. நெடுநேரம் மணி அடித்தது, அவள் விரல் மறுபடி கடிகாரப் பொத்தானுக்குப் போயிற்று. கடையை விற்றிருந்தால்? வேறு யாராவது எடுத்தால்? வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க." கிழக்குரல். அவன்தான்.

"மணி... அங்க மணி என்ன?"

"எந்த மணி வேணும்? பெர்த் மணியா, அடிலெய்ட் மணியா, எங்க மணியா?" வழிப்போக்கர்களிடம் ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த பாட்டு.

"உங்க மணி."

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு ரெக்ஸ் கம்பிக்கதவைச் சாத்தும் சத்தம்.

"கடிகாரம் நின்னு போச்சா, நோலீன்?"

பொத்தானில் இருந்த விரலை அவள் எடுத்துவிட்டாள்.

"நிக்கல" என்றாள். "ஒரு நொடி கூட நிக்கல."